ஒற்றும் இடைவெளியும்

அம்மாபேட்டை என்று நான் எழுதுகிறேன். சேலத்தில் அந்தப் பகுதியிலேயே பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அம்மாப்பேட்டை என்றும் இருக்கிறது. அம்மாபேட் என்று ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த உருவமும் இருக்கிறது. ஒரே கடையின் பலகையில் ஒன்றும் ரசீதில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். அதே நகரத்துச் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒற்று உண்டு. பொன்னம்மாபேட்டைக்குப் பெரும்பாலும் இல்லை. சென்னையின் சைதாப்பேட்டை ஒற்றை விடுவதில்லை. இதற்கெல்லாம் இலக்கணம் கேட்டால் கிடைக்கும். ஆனால் தபால்காரர் இலக்கணம் கேட்பதில்லை. எப்படி எழுதினாலும் கடிதம் வந்துவிடுகிறது. ஊர்ப் பெயரைப் பொறுத்தவரை நஷ்டம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சிறுபத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பது என் பொறுப்பாக இருந்தது. அம்மாபேட்டையில் கைத்தறி நெய்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் கவிதை கொடுத்திருந்தார். சிறிய கவிதை. தறி கெட்டு அலைந்த நாட்களைப் பற்றி அதில் ஒரு வரி. கையெழுத்துப் பிரதியில் தறிக்கும் கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெளிவாக இருந்தது. கம்பாசிட்டரும் அப்படியே கோத்திருந்தார். நான்தான் சேர்த்தேன். தறிகெட்டு என்பது ஒரே சொல், பிரித்து எழுதியது பிழை, திருத்துவது என் கடமை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கை தானாகச் சுழித்துவிட்டது.

தறி கெட்டு அலைந்தவன் வேலை நின்றுபோய் அலைந்தவன். தறிகெட்டு அலைந்தவன் கட்டுக்கடங்காமல் திரிந்தவன். முதலாவதில் இருப்பது நெசவுத் தறி. இரண்டாவதில் மாட்டைக் கட்டும் கட்டுத்தறி. இரண்டும் வேறு வாழ்க்கைகள். இதழ் வெளிவந்ததும் கவிதையைப் பாராட்டி ஒரு நீண்ட கடிதம் வந்தது. இளமையின் கட்டற்ற ஆவேசம் என்றும், ஸ்தாபனங்களுக்கு எதிரான மனம் என்றும் எழுதியிருந்தார் வாசகர். கடிதத்தை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“நான் சொன்னது தறியைங்கண்ணா, ஆளை இல்லீங்க” என்றார்.

நவீன விமர்சனம் கற்றுக்கொடுத்த சாமர்த்தியம் எனக்குக் கைவசம் இருந்தது. இப்போது இரண்டு அர்த்தம் கிடைக்கிறதே, கவிதைக்கு ஆழம் கூடியிருக்கிறதே என்றேன்.

“ரெண்டு அர்த்தம் வேணும்னா நானே வச்சிருப்பேனுங்களே” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

எழுத்துச் சீர்மை பற்றிப் பேசத் தொடங்கியதும் நம்மிடையே இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். ஒன்று பண்டிதர் கட்சி. நன்னூல் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று கேட்கும். இன்னொன்று நம்முடையது. படைப்பாளிக்கு ஒற்று ஒரு பொருட்டா, அனுபவம்தான் முக்கியம் என்று சொல்லும். இரண்டுமே பிரச்னையைத் தொடாமல் நகர்ந்துபோகின்றன.

முதலில் பண்டிதரை எடுத்துக்கொள்வோம். ஒற்று விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கீரை கடை என்றால் கடையச் சொல்கிறோம்; கீரைக் கடை என்றால் வாங்கப் போகிறோம். தந்த பலகை யாரோ கொடுத்தது. தந்தப் பலகை யானையிடமிருந்து வந்தது. ஓர் எழுத்தின் வரவில் உலகம் மாறிவிடுகிறது. இதை அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நன்னூலின் புணர்ச்சி விதிகள், சொற்கள் சேரும்போது ஒலிக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கின்றன. தாளில் எங்கே இடம் விட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ஏட்டில் இடம் விடும் வழக்கமே இல்லை. மெய்க்குப் புள்ளியைக்கூட எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பது படிப்பவன் ஊகத்தில் இருந்தது. அதற்கு வடிவ வேறுபாடு காட்டியவர் வீரமாமுனிவர் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன்னால் இருந்த வேலைகளில் ஒன்று, இடைவெளி இல்லாமல் ஓடும் எழுத்துகளில் சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. அந்த நூலின் பெயரையே இன்றும் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறோம்.

ஆக, இடைவெளி அச்சு நமக்குக் கொடுத்த ஒரு புது எழுத்து. அதற்கு வடிவம் இல்லை, வேலை உண்டு. விட்டுவிட்டு வந்தான் என்றால் எதையோ எங்கோ போட்டுவிட்டு வந்திருக்கிறான். விட்டு விட்டு வந்தான் என்றால் இடையிடையே நிறுத்தி வந்திருக்கிறான். எழுத்துகள் ஒன்றேதான். இந்தப் புது எழுத்துக்குப் பழைய சூத்திரத்தில் விதி தேடுவது வீண். விதியை நாம்தான் செய்ய வேண்டும்.

நாம் என்றால் யார்? அரசு என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் நம்மிடம் அனுபவம் இருக்கிறது. 1935இல் பெரியார் குடி அரசில் கையாளத் தொடங்கிய வடிவங்களில் ஒரு பகுதியை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை மற்ற உயிர்மெய்களைப் போலவே எழுதப்பட்டன. லையின் யானைத் துதிக்கை போயிற்று. ஒரு குறிக்கு எல்லா இடத்திலும் ஒரே வடிவம் என்பதே அதன் தர்க்கம். பாடநூல் அதைப் பின்பற்றியது, கம்பாசிட்டருக்கு அச்செழுத்து குறைந்தது, அது நிலைத்துவிட்டது. 2020 ஜூனில் நடந்தது வேறு கதை. 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. வேலூருக்குக் கொடுத்த உருவத்தை ஆங்கிலம் படித்தவன் வீலூர் என்றே வாசிப்பான். கேலி கிளம்பியது, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தின் வடிவத்தை அரசு மாற்றலாம் என்பது முதலாவதிலிருந்து தெரிகிறது. வழக்கத்தில் ஊறிய ஒன்றை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது இரண்டாவதிலிருந்து தெரிகிறது. எங்கே ஒற்று, எங்கே இடைவெளி என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை. என் நண்பரின் வரி 1978க்குப் பிந்திய எழுத்தில்தான் அச்சாயிற்று. சீர்திருத்தம் அதைக் காப்பாற்றவில்லை.

இனி நம் கட்சி. 1968இல் சேலத்திலிருந்து நடை வெளிவரத் தொடங்கியதையும், அதன் பின்னால் சி. மணி இருந்ததையும் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களான எங்களுக்குப் பெருமை உண்டு. புதுக்கவிதை ஒழுங்கீனத்தின் பெயர் அல்ல என்பதைச் சொல்லவேண்டியிருந்த காலம் அது. ஆனால் பின்னால் வந்த எங்கள் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. ஒரே கட்டுரையில் காஃப்கா, காப்கா, கஃப்கா. சார்த்தர் இரண்டு பக்கம் தள்ளி ஸார்த்ர் ஆகிறார். இருவரும் ஒருவரா, அல்லது ஒருவரை ஒருவர் மறுக்கிறார்களா என்று நூலக வசதி இல்லாத வாசகன் திகைத்திருக்கிறான். அப்படித் திகைத்தவர்களில் நானும் ஒருவன். அந்நியமாதல் பற்றிய கட்டுரையை அந்நியமாதல், அன்னியமாதல் என்று மாறிமாறி அச்சிட்டோம். பண நெருக்கடி, கம்பாசிட்டர் அவசரம் என்று சமாதானம் சொன்னோம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, இதைக் கவனிப்பது பண்டிதத்தனம் என்ற எங்கள் இறுமாப்பு.

அந்த இறுமாப்பில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. நவீனத்துவம் வழக்கிலிருந்து விலகுவதில் உயிர் வாழ்கிறது. விலகல் தெரிய வேண்டுமானால் விலகாத ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. 1974இல் தோன்றிய பதிப்பகம் ஒன்று க்ரியா என்று பெயர் வைத்துக்கொண்டது. இலக்கணப்படி அது தவறு. ஆனால் ஒருநாளும் கிரியா என்று அது தன்னை எழுதிக்கொள்ளவில்லை. அதனால் அந்த மீறல் ஒரு முடிவாக நிற்கிறது. அதே க்ரியாதான் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தது என்பதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிரமிள் தன் பெயரைத் தருமு சிவராமு என்றும் வேறு பல விதமாகவும் எழுதினார். ஒவ்வொன்றும் அவர் செய்தது. அதைப் புரூஃப் பார்க்கிறவன் சீர்படுத்தினால் குற்றம். கசடதபற என்று வல்லின எழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்ட பத்திரிகையில் எவரும் ஒற்றுப் போட முடியாது, போடவும் கூடாது.

கவிஞன் வேண்டுமென்றே பிரித்த ஒரு சொல், தற்செயலாகப் பிரிந்த நாற்பது சொற்களுக்கு நடுவில் கிடந்தால் அதை யார் கேட்பார்கள்? வாசகனுக்கு இரண்டு வழிதான். எல்லாவற்றையும் பிழை என்று தாண்டிப் போகலாம். அல்லது எல்லாவற்றையும் ஆழம் என்று கும்பிடலாம். எங்களுக்குக் கடிதம் எழுதிய வாசகர் இரண்டாவதைச் செய்தார். அவர்மேல் தவறில்லை. எதை நம்புவது என்று தெரியாத ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்தவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரியை உடைத்து எழுதுகிற கவிதையில் ஒற்று ஒரு புதுச் சங்கடத்தைக் கொண்டுவருகிறது. கீரை என்று ஒரு வரி முடிந்து, கடை என்று அடுத்த வரி தொடங்குகிறது. முதல் வரியின் இறுதியில் க் போடுவதா? போட்டால், கவிஞன் நிறுத்திய இடத்தில் மெய்யெழுத்து அடுத்த வரியைப் பிடித்து இழுக்கிறது, நிறுத்தம் போய்விடுகிறது. போடாவிட்டால் அர்த்தம் ஊசலாடுகிறது. மரபுக் கவிதையில் யாப்பும் ஓசையும் பார்த்துக்கொண்ட விஷயம் இது. யாப்பை விட்டவர்கள் இந்தப் பொறுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கவிஞர்களில் எத்தனை பேர் தங்களுக்கென்று ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள்? ஒரு தொகுதிக்குள்ளேயே ஒரு கவிதை ஒருவிதமாகவும் அடுத்தது வேறுவிதமாகவும் இருப்பதைத்தான் பார்க்கிறேன். இதைக் குறிப்பிடாமல் படிமத்தையும் தொனியையும் மட்டும் பேசுகிற விமர்சனம் பாதி வேலைதான் செய்கிறது. நானும் பாதி வேலை செய்தவன்தான்.

ஆகவே நான் கேட்பது மொழி முழுமைக்குமான ஒரே விதியை அல்ல. அது வராது; வந்தாலும் நல்லதல்ல. ஒரு பத்திரிகைக்குள், ஒரு புத்தகத்துக்குள், முதல் பக்கத்தில் எடுத்த முடிவு கடைசிப் பக்கம் வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். வழிகாட்ட இன்று நூல்கள் உண்டு. க்ரியா அகராதியின் மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடு, எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது, நிறுத்தக் குறியை எப்படிப் பயன்படுத்துவது என்று காரணம் காட்டிப் பேசுகிறது. அவற்றோடு உடன்பட வேண்டும் என்பதில்லை. உடன்படாத இடத்தை ஒரு தாளில் எழுதி, புரூஃப் பார்க்கிறவன் மேஜைமேல் ஒட்டிவைத்தால் போதும். அந்தத் தாளின் கடைசி வரியாக இதையும் சேர்க்கச் சொல்வேன்: கவிதையில் சந்தேகம் வந்தால் திருத்தாதே, எழுதியவரைக் கேள்.

ஈய எழுத்து போய்விட்டது. இப்போது திரையில்தான் புரூஃப். அம்மாபேட்டை என்று தட்டித் தேடினால் அம்மாப்பேட்டை என்று எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம். தபால்காரர் காட்டிய தயவு இயந்திரத்திடம் எப்போதும் கிடைப்பதில்லை. ஊர்ப் பெயரில் நஷ்டம் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

நெசவிலும் அச்சு என்று ஒன்று உண்டு. பாவிழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிறுத்துவது அதன் வேலை. ஓர் இழை விட்டுப்போனால் துணி முழுக்கக் கோடு விழும். நண்பருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் இடைவெளி விட்டால் அது விட்ட இடைவெளிதான். நான்தான் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

சென்ற ஆண்டு அவருடைய கவிதைகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு சிறு தொகுப்பு தயாரானபோது அந்த வரியைப் பிரித்துப் போட்டேன். முதல் வேலையாகப் புரூஃபை அம்மாபேட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தறி நின்ற இடத்தில் இப்போது பேரப்பிள்ளையின் சைக்கிள் நிற்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். “இப்ப சரிங்கண்ணா” என்றார். பிறகு நகத்தால் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது.