டெல்கோ மூடியைத் திறந்தால்

படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்கச் சந்தவாசலில் திரும்பும் பழைய பெட்ரோல் அம்பாசிடர் மக்கர் செய்தால், கேள்வி இரண்டுதான்: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா? 2014இல் உற்பத்தி நின்ற வண்டி. லேப்டாப் செருக இடமே கிடையாது. கரண்ட் வரவில்லையென்றால், டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, கருகிய பாயின்ட் முனையை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைப்பார் மெக்கானிக். கேஜ் இல்லாமல் கண்ணாலேயே வைப்பவரும் உண்டு. தறியில் அறுந்த பட்டிழையைத் தடவிக் கண்டுபிடித்துப் பிணைக்கிற விரல் போன்றது அந்தக் கண். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும் எனக்கு. பெட்ரோல் வராததற்கோ, சித்திரை வெயிலில் அது வண்டியின் பம்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டால், பம்பின் மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டுச் சோக்கை இழுத்தால் பிளக் நனைந்துபோகும். இழுக்காத ஓட்டுநரைத்தான் காணோம்.