பட்டினப்பாக்கத்து மோகம்

பிள்ளைகள் பிழைப்பு நாடிப் பிரிந்து சென்றனர். பெற்றோர் முதுமையால் தளர்ந்தனர். பேரனின் மழலை தொலைபேசியில் மட்டுமே கேட்கிறது. இனியேனும் ஒருவர்க்கொருவர் அருகிருந்து வாழ்வோம் என்று குடும்பம் கூடி முடிவெடுக்கிறது. நல்ல முடிவு! பாசத்தின் முடிவு! பாராட்டுகிறோம். ஆனால், எங்கே குடியேறுவது என்ற கேள்வி எழுந்ததும் பாசம் பின்னுக்குச் செல்கிறது. பவிசு முன்னே வந்து நிற்கிறது. “தரமான இடமாக இருக்கவேண்டும், நம்மைப் போன்றவர்கள் வாழும் இடமாக இருக்கவேண்டும்” என்கிறார்கள். தாய் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளியுள்ள வீடு கண்ணில் படுவதில்லை. ஊருக்கு வெளியே, வளைவு வாயிலும் காவற்காரரும் கொண்ட புதுநகர் கண்ணைப் பறிக்கிறது.

தரம் என்றால் என்ன? குடிநீரா, காற்றா, வடிகாலா, மருத்துவமனையா? இவற்றைக் கேட்பது குற்றமன்று, கேட்காதவரே ஏமாளி. ஆனால், “நம்மைப் போன்றவர்கள்” என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது வடிகாலன்று, வருணம்!

இந்த மோகம் நேற்று முளைத்ததா? இல்லை. சிலம்பைத் திறந்து பாருங்கள். இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரம் இரண்டாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. கடலோரம் மருவூர்ப்பாக்கம், அங்கே யவனர் இருக்கைகள், நெய்வோர், உப்பு விற்போர், மீன் விற்போர், கொல்லர், தச்சர். அப்பால் பட்டினப்பாக்கம்; அங்கே அரச வீதி, வணிகரின் மாளிகைத் தெரு, மறையோர் இருக்கை. இரண்டுக்கும் இடையே நாளங்காடி. பண்டம் கைமாறலாம், குடியிருப்பு கலக்கக்கூடாது! அழகிய வருணனை என்று நம் புலவர் பெருமக்கள் இப்பகுதியைப் பாராட்டி மகிழ்வர். அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், அந்த அழகு வரைந்து காட்டும் கோடு எது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்த உயர்ந்த பகுதி கண்ணகிக்குத் தந்தது என்ன? மணமானதும் கோவலனின் தாய் இளந்தம்பதியருக்குத் தனிமனை அமைத்துத் தருகிறாள். செல்வத்துக்குக் குறைவில்லை; சுற்றமும் தொலைவில் இல்லை. கோவலன் மாதவியை நாடிப் போனபின், மாமனும் மாமியும் வரும்போதெல்லாம் கண்ணகி துயரத்தை மறைத்துப் பொய்ம்முறுவல் காட்டினாள் என்று கொலைக்களக் காதையில் அவளே சொல்கிறாள். அருகே உறவு இருந்தது; ஆனால், அழுவதற்கு அங்கே இடமில்லை! தோழி தேவந்தி சொன்ன வழியோ குளத்தில் மூழ்குவதும் காமவேளைத் தொழுவதும். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்தாள். அந்த மறுப்பு நம் நெஞ்சைத் தொடுகிறது.

வாழ்விழந்து மதுரை வந்தவளை ஏற்றது யார்? ஆயர்குல மூதாட்டி மாதரி. உறவில்லை, முன்னறிமுகம் இல்லை. கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்தார். மாதரி மகளாக ஏற்றாள். தான் ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போயிற்றே என்று பின்னர் தீயிற் பாய்ந்து உயிரையும் விட்டாள். மாளிகைத் தெருவின் மானம் பெரிதா, மாட்டுத் தொழுவத்தின் மனிதம் பெரிதா? விடையைக் காப்பியமே சொல்லிவிட்டது. உரையாசிரியர்கள் பட்டினப்பாக்கத்தில் நின்று வியந்த நேரத்தில் பாதியையேனும் மாதரியின் வீட்டு வாயிலில் நின்று செலவிட்டிருக்கலாம்.

அதே காப்பியம் நம்மைக் கொற்கைக்கும் அழைத்து வருகிறது. அங்கிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன், ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்தான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் குற்றம், ஒரு குலத்தின் குற்றம் ஆயிற்று! இன்று ஒரு தெருவின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நாகரிகருக்கும் அந்த மன்னனுக்கும் வாளில்தான் வேறுபாடு, மனத்தில் இல்லை.

கொற்கையின் முத்துக்கு உலகமே விலை கொடுத்தது. பின்னாளில் தூத்துக்குடிக்குப் போர்த்துகீசியர் வந்தனர், 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றினர், அடுத்து ஆங்கிலேயர். ஆள்வோர் மாறினர், மூச்சடக்கி மூழ்கியவர் மாறவில்லை. முத்தெடுக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவர். அழுகியபின் கழுவி முத்தைப் பிரிப்பர். முத்து மாளிகைக்குப் போகும்; நாற்றம் மீனவர் குப்பத்தில் தங்கும். நம் கரையில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்த மனப்பான்மையோ நிற்கவில்லை. உப்பு வேண்டும், உப்பளத் தொழிலாளி அண்டை வீட்டில் வேண்டாம். மீன் வேண்டும், மீனவன் பக்கத்துத் தெருவில் வேண்டாம் என்பது அதன் இன்றைய வடிவம்.

உறவோடு ஒட்டி வாழ்வதற்கு இதே கரையில் வேறொரு வழியும் உண்டு. காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மணமகனை அவ்வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. வணிகத்தின் பொருட்டு ஆண்கள் கடல் கடந்து போனபோது, பெண்கள் தாயோடும் தமக்கையோடும் வாழ்ந்தனர். வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்குகள் என்னும் சிறு சந்துகள் இருந்தன. பவிசைக் கொண்டன்று, நடந்து செல்லும் தொலைவைக் கொண்டே அங்கே உறவு அளக்கப்பட்டது. ஆனால், இதிலும் குறை உண்டு. பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டியே தீரவேண்டும் என்னும் சுமை, வரதட்சணையின் மறுவடிவம். நல்லதைக் கொள்வோம், சுமையைக் கண்டிப்போம்.

மண்ணைக் கேளாமல் மதிப்பை மட்டும் கேட்டு வீடு வாங்கியவர்க்கு 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் பாடம் புகட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு முழுதும் பெய்யும் மழையினும் அது மிகுதி. தூத்துக்குடியில் பிரையண்ட் நகர், முத்தம்மாள் காலனி போன்ற பகுதிகள் வெள்ளத்தில் தவித்தன. வெள்ளம் விலைப்பத்திரத்தைப் படிக்கவில்லை. தாழ்வான நிலத்தைத் தேடி வந்தது. அதே வேளையில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டி நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊரார். சாதி கேட்டா கொடுத்தனர்? சொத்து கேட்டா கொடுத்தனர்? மாதரி இன்னும் சாகவில்லை, தோழர்களே!

“என் பணம், என் விருப்பம், எவரோடு வாழ்வது என்பதை நான்தானே முடிவு செய்யவேண்டும்” என்பர் சிலர். அமெரிக்காவில் வெள்ளையரும் இதைத்தான் சொன்னார்கள். கறுப்பருக்கு விற்கமாட்டோம் என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. 1968-இல் தனிச் சட்டமே பிறந்தது. இங்கோ, ஒரு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகக் கொள்ளலாம் என்று 2005-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தம் அடையாளத்தைக் காக்க நினைப்பதை நாம் உணர்கிறோம். ஆனால், அக்கதவு வழியே சாதிச் சங்கங்களும் நுழையுமே என்ற அச்சம் நமக்கு உண்டு.

மாற்று இல்லையா? 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மற்றவர்க்கு 10. அருமையான தொடக்கம். ஆயினும் அது அரசு கட்டிய புது ஊர். பழைய தெருக்களை மாற்ற அரசாணை போதாது. வீடு தேடும் ஒவ்வொருவரும் மாறவேண்டும்.

ஆகவே, குடும்பத்தை நாடி இடம்பெயரும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுதான். தாய் நடந்து வரும் தொலைவில் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் வடியுமா என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்நகரில் எவர்க்கு வீடு மறுக்கப்படுகிறது என்றும் தவறாமல் விசாரியுங்கள். ஒருவருக்கேனும் சாதியின் பெயரால் கதவடைக்கும் இடம், பளிங்கு பதித்திருந்தாலும் பாழிடமே. அங்கே உங்கள் பிள்ளை பாட்டியின் மடியில் வளரலாம்; மனிதனாக வளரமாட்டான்.