"அந்த டீச்சர் எப்படி?"



மூன்றாம் படிவம் முடிகிற நேரத்தில் மாணவர்களின் புலனக் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் சுற்றும். "ஃபோர்ம் 4-ல தமிழ் எடுக்கலாமா? அந்த டீச்சர் எப்படி?" பதில் உடனே வரும். "ரொம்ப ஸ்ட்ரிக்ட்." "கட்டுரைய திருப்பித் திருப்பி எழுதச் சொல்வாங்க." "ஏ எடுக்கிறது கஷ்டம், வேணாம்." மூன்றே வரி. முடிவும் அதோடு முடிந்துவிடும்.

பிள்ளைகளின் வம்புப் பேச்சுதானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது? தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும். 17 பேர் உள்ள இடத்தில் மூவர் பின்வாங்கினால் மிச்சம் 14. ஒரு புலனச் செய்தியின் விலை சில சமயம் ஒரு வகுப்பாகவே இருக்கலாம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் பேராசிரியர்களுக்கு மாணவர்கள் புள்ளி போடும் இணையத்தளம் 1999இலேயே வந்துவிட்டது. பாடம் எவ்வளவு சுலபம் என்றும் அதில் புள்ளி போட்டார்கள். ஆசிரியரின் தோற்றத்தைக் குறிக்கும் மிளகாய்ப் படம் 2018இல்தான் நீக்கப்பட்டது. இத்தகைய புள்ளிகளை எவ்வளவு நம்பலாம்? 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். இணையவழி வகுப்பொன்றில் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதை மாற்றிச் சொன்னார்கள். ஆண் என்று நம்பப்பட்டவருக்கே கூடுதல் புள்ளி. மதிப்பெண்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்திருந்தும், 'சீக்கிரம் கொடுத்தார்' என்ற பாராட்டு அவருக்குத்தான் கூடுதலாகப் போனது. 43 மாணவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அதற்காக மாணவர் பேச்சு எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை ஒரு மாணவி என்னிடமே சொன்னாள்: "நீங்க சிவப்பு மையால நிரப்பிடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க டீச்சர்." மனசு வலித்தது. வீட்டில் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பிழைகளை எல்லாம் வட்டமிட்டிருந்தேன். 'இந்த வரி நன்றாக இருக்கிறது' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அக்கா சொன்னது உண்மைதான்.

கோளாறு பதிலைவிடக் கேள்வியில்தான் அதிகம் இருக்கிறது. 'எப்படி?' என்று கேட்டால் ஒரு சொல்லில்தான் பதில் வரும். "அந்த வகுப்புல நீ என்ன கத்துக்கிட்ட? வருஷ ஆரம்பத்துல எழுதினதுக்கும் இப்ப எழுதுறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்க நம் மாணவர்களைப் பழக்குங்கள். மூத்த மாணவரும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

நம் பங்கும் உண்டு. நாம் வாய் திறக்காததால்தான் வதந்தி பேசுகிறது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், மூன்றாம் படிவ மாணவர்களை ஒரு பாடவேளை நான்காம் படிவத் தமிழ் வகுப்பில் உட்கார வையுங்கள். ஒரு மாணவரின் முதல் கட்டுரையையும், மூன்றாம் முறை திருத்தி எழுதிய கட்டுரையையும், பெயரை மறைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

"திருப்பித் திருப்பி எழுதச் சொல்வாங்க" என்பது அப்போது குறையாகத் தெரியாது. அந்த வகுப்பில் சேர அதுவே ஒரு காரணமாகவும் ஆகலாம்.