டிராம் என்னும் நிறை

பழைய மருந்துக்கடைத் தராசில் டிராம் என்றொரு நிறை உண்டு. 60 கிரெயின், இன்றைய கணக்கில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கார்த்திகேசுவுக்குப் பழகிய அளவு. அவருடைய போர்க்கால நினைவுநூல், அவர் மறைந்தபின் 1954இல் வெளிவந்தபோது, ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற தலைப்பைத் தாங்கியது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் வரும் சொல்தான்; ஆனால் மருந்து நிறுத்த கையிலிருந்து வரும்போது அதற்கு வேறு கனம். எதிரியிடம் இரக்கம் எவ்வளவு இருந்தது என்று நிறுத்துப் பார்த்து, ஒரு டிராம்கூடத் தேறவில்லை என்கிறது அந்தத் தலைப்பு.

2010இல் மலேசியாவின் அஸ்ட்ரோ தொலைக்காட்சியில் அவர் கதை மலாய்த் தொடராக வந்தபோது பெயர் ‘அபா டோசாக்கு’: நான் செய்த பாவம் என்ன? டோசா நம் தோஷம்தான். கடல் கடந்து பாவமாகிவிட்டது. என் குறை இதில்தான். நூலின் தலைப்பில் கூண்டில் நிற்பவன் வதைத்தவன். தொடரின் தலைப்பிலோ வதைபட்டவளே நின்று முறையிடுகிறாள். சிபிலாக நடித்த எலெய்ன் டேலி அவருக்குப் பேத்தி முறை. குடும்ப முகத்தைத் தேடிப் பிடித்தவர்கள் குரலையும் விடாமல் பிடித்திருக்கலாம்.

அந்தக் குரலுக்குப் புலம்பல் பொருந்தாது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த டாக்டர் கார்த்திகேசுவை மணந்த யுரேசியப் பெண் அவர். ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவரோடு கிளினிக் நடத்தியவர். ஜப்பான்காரன் வந்ததும் பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மெயின் ஸ்திரீட் 74ஆம் எண் வீட்டில் ஜப்பானியரை எதிர்த்த காட்டுக் கொரில்லாப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார், ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி கேட்டார். 1943இல் கைதானார். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெத்தாய் அவர் மகள் டானைத் தீக்கு மேலே தொங்கவிட்டு மிரட்டியது. அவர் வாய் திறக்கவில்லை. 1945இல் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலை, ஜார்ஜ் பதக்கம், 1948இல் பிரிட்டனில் மரணம். அடுத்த ஆண்டு உடல் ஈப்போ திரும்பியது.

போர்க்காலத் தாதியின் எழுத்து திரைக்குப் போவது புதிதல்ல. வேரா பிரிட்டனின் ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ (1933) 1979இல் பிபிசியில் ஐந்து பகுதிகளாக வந்தது, தலைப்பு மாறாமல்.

நம் தோட்டத் தமிழர் பக்கம் கணக்கு வேறு. பால்மரக் காட்டிலிருந்து ஜப்பானியரால் சயாமுக்குப் பிடித்துப் போகப்பட்டவர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் தண்டவாளத்தின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். அவர்களில் எத்தனை பேர் கையில் பேனா இருந்தது? அந்த வேலையை நாவல்கள் ஏற்றன: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. ஈப்போவில் 1927இல் பிறந்து இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் போன்றோர் வாழ்க்கை வரலாறாகவாவது நூலேறினர். பெயரில்லாத லயத்துப் பெண்ணுக்கு அதுவும் இல்லை: கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு மரவள்ளிக்கிழங்கில் பிள்ளை வளர்த்தவள். அவளைப் படமாக்க வருகிறவருக்குக் கையில் நூல் இருக்காது. தோட்டத்துக் கிழவிகளின் பேச்சுத்தான் மூலப்பிரதி. பேராக்கில் பல தோட்டங்கள் வீடமைப்பாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. அந்தக் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.