இறங்கும் வித்தை

சொந்தக் கையால் செய்த சிறு விமானங்கள் சில, தரையிறங்கும்போது ஏன் விழுகின்றன என்று அறியும் ஆவலில், லாங்கவீஷ 1944-ல் வெளியிட்ட 'ஸ்டிக் அண்டு ரட்டர்' என்ற நூலை அமிர்திக்கு எடுத்துப் போயிருந்தேன். அலுப்புத் தட்டவில்லை. விமானம் தாழ்கிறது என்று பயந்ததும் கை தன்னால் பிடியை இழுக்கிறது, மூக்கு நிமிர்கிறது, வேகம் குறைகிறது, இறக்கை மேல் ஓடும் காற்று பிரிந்துவிடுகிறது. பிறகு விழ வேண்டியதுதான்; தரைக்குப் பக்கத்தில் மீள உயரம் ஏது? நாவல் எழுதுகிற எனக்குப் பொறாமை தந்த பக்கங்கள் இவை.

காட்டோடைக் கரையில் ஒரு கொக்கு இறங்கியது. உடலை நிமிர்த்தி, இறக்கையை அகல விரித்து, காற்று கைவிடும் அதே கணத்தில் காலை ஊன்றிற்று. ஒரு முழம் முன்னால் கைவிட்டிருந்தால்?

நூலில் ஒரு குறை. ஆசிரியர் ஆலையில் செய்த விமானங்களையே மனத்தில் கொண்டிருக்கிறார். கொட்டகையில் செய்தவனுக்கோ, தன் இறக்கை எந்த வேகத்தில் கைவிடும் என்பது பறந்து பார்த்தால்தான் தெரியும். அதை நல்ல உயரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய சோதனைக்குப் பொதுவாக 25 முதல் 40 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். பல வருஷம் இழைத்துச் செய்தவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா? அவனுக்காக ஓர் அத்தியாயம் எழுதியிருக்கலாம்.