இழுவைக்குப் பெரிய டர்போ தேவையா?

"இழுவை இல்ல காக்கா, பெரிய டர்போ ஒண்டு போட்டா என்ன?" கல்முனைப் பக்கத்துக் கராஜ்களில் எழும் இந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பின்னும் வரி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருக்கிற வண்டியையே பலப்படுத்த நினைப்பதில் பிழையில்லை.

ஆனால் இரட்டை டர்போ வண்டியில் பெரியதைப் போடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரட்டை டர்போ எல்லாம் ஒரே சாதியல்ல. லேண்ட் குரூசர் 200 இன் 4.5 லீட்டர் வீ-8 டீசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போக்கள் சமமாக உழைக்கின்றன. மஸ்டா சீஎக்ஸ்-5 இன் 2.2 லீட்டர் டீசலில் சிறியது முதலில் சுழலும். வேகம் ஏறியபின் பெரியது பொறுப்பேற்கும். இந்த இரண்டாம் வகையில் பெரியதை மட்டும் இன்னும் பெரிதாக்கினால், கைமாறும் இடத்தில் வண்டி தொய்ந்துவிடும். சிறியது தன் எல்லையைத் தொட்டிருக்கும், பெரியது இன்னும் வேகம் பிடித்திருக்காது.

பெரிய டர்போவின் பலனை நான் மறுக்கவில்லை. உயர் சுழற்சியில் நெடுநேரம் பாரம் இழுக்கும்போது புகை தடையின்றி வெளியேறும். காற்றும் அளவுக்கு மீறிச் சூடேறாது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்று மெலியும்போது சிறிய டர்போ தன் எல்லைவரை சுழன்று திணறும். பெரியதற்கு அங்கே இன்னும் இடமிருக்கும்.

நமது ஓட்டமோ வேறு. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிய வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர்தான் எல்லை. அதிவேக நெடுஞ்சாலையில்கூட 100க்கு மேல் ஓட அனுமதியில்லை. கண்டிக்குப் போனால் மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று, இரண்டாம் கியரில் மறுபடி எழும்ப வேண்டும். அந்தக் கணத்தில் பெரிய டர்போவின் பாரமான சக்கரத்தைச் சுழற்றப் போதிய புகை எஞ்சினில் பிறப்பதில்லை. காற்றுக்கு ஏற்ப எஞ்சின் கணினி டீசலைக் குறைத்தால் வண்டி சோம்பும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டாலோ எரியாத டீசல் கரும்புகையாகிப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் படியும். ஆண்டுதோறும் வருகிற புகைப் பரிசோதனையிலும் அது பிடிபடும். இதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வீதி அது.

இன்னொன்று. இழுவை குறைந்ததற்கு டர்போவின் அளவு காரணமாயிருப்பது அரிது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள்: கிளிப் இறுக்கிய இடத்தில் மயிரிழை வெடிப்பும், அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து மண் ஒட்டிய கறையும் தெரியலாம். அப்படியானால் டர்போ அழுத்திய காற்றில் ஒரு பங்கு அந்த வெடிப்பால் வெளியேறுகிறது. எயார் ஃபில்டரைத் திறந்தால் வேளாண்மை வெட்டுக்காலத் தூசி அப்பியிருக்கும். பழைய டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் அதிகமாக ஆடினால், அல்லது சக்கரம் உறையில் உரசினால், அதே அளவில் நல்லதொன்றைப் போடுவதே முறை.

மலையேறிப் பாரம் இழுப்பதே தொழிலாக உள்ளவர் மட்டும் பெரியதைப் பற்றி யோசிக்கலாம். அவரும் இரண்டு டர்போக்களையும் டீசல் அளவையும் சேர்த்துப் பொருத்தத் தெரிந்தவரிடமே வண்டியை விட வேண்டும். மற்றவர்கள் பெரிய டர்போவுக்கு முற்பணம் கட்டுமுன் வெடித்த இன்டர்கூலர் குழாயை மாற்றி, ஒரு தடவை கண்டிக்குப் போய் வாருங்கள்.