ஓலை யார் பரணில்?

பெரியபுராணத்தில் சுந்தரர் மணப்பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்கிறார். பாட்டன் எழுதிய ஆளோலை சான்று! திருவெண்ணெய்நல்லூர் அவை கையெழுத்தை ஒப்பிட்டுப் பேரனை அடிமையென்றே தீர்க்கிறது. சுந்தரர் எதை மறுத்தார்? மனிதனை மனிதன் உடைமையாக்குவதையா? இல்லை, அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதை! வந்தவர் சிவபெருமான் என்பதால் நம் புலவர்களுக்கு இக்காட்சி இனிக்கிறது.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர்த் தோழனே! கடவுள் காட்டிய ஓலையை மனிதனும் காட்டினான். தஞ்சை, திருச்சிச் சீமைகளில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு விற்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டமே நீதிமன்றக் கதவை அவ்வுரிமைக்கு அடைத்தது. உன் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு உண்டா? அவிழ்த்துப் படி. வாங்கிய பாட்டன் பெயரை நீ அறிவாய்; விற்கப்பட்டவன் பெயரை அவன் பேரன் அறிவானா?